61-வது ஆள் எழுதும் விமர்சனம்

96 கிலோமீட்டர் சைக்கிள் சாலைப் பந்தயம். கிளம்பியவர்கள் 84 பேர், முடித்தவர்கள் 61 பேர், நான் 61-வது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம், ‘அதெல்லாம் சரி, இவன் எத்தனையாவது வந்தான்?’ என்று யாரும் கடைசி வரை தேடிக்கொண்டு போக வேண்டாம்.

கடைசியாக வந்தவனுக்கு விமர்சனம் எழுத என்ன தகுதி என்று கேட்பீர்கள். அவனுக்குத்தான் தகுதி என்பேன். முன்னால் போகிறவனுக்கு எந்தப் பந்தயமும் நல்ல பந்தயம்தான். மோட்டார் சைக்கிள் வழி விலக்கிக்கொண்டு போகும். முச்சந்தியில் தன்னார்வலர் கொடியோடு விறைப்பாக நிற்பார். தண்ணீர் மேசை நிறைந்திருக்கும். அரை மணி நேரம் கழித்து வருகிறவனுக்கும் இதெல்லாம் மிச்சம் இருக்கிறதா என்பதில்தான் நடத்துகிறவர்களின் லட்சணம் தெரியும். கட்டணம் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே?

என்னைப் பற்றிக் கொஞ்சம். வயது 41, எடை 74 கிலோ, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை. ஆறு வருடமாக ஓட்டுகிறேன். 200 கிலோமீட்டர் நீண்ட சவாரிகள் முடித்திருக்கிறேன். முதுகில் எண் குத்திக்கொண்டு பந்தயம் என்று இறங்கியது இதுதான் முதல் தடவை. நீண்ட சவாரி போய்ப் பழகியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே நீங்கள் எப்போது கிளம்பினீர்களோ அப்போதிலிருந்துதான் உங்கள் நேரம் ஓடும். சாலைப் பந்தயத்தில் அந்தக் கணக்கு செல்லாது. யாருடைய முன்சக்கரம் முதலில் கோட்டுக்கு வருகிறதோ அவர் முன்னால். வரிசையின் வாலில் நின்று கிளம்பினேன், அந்தப் பத்து விநாடியைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்க முடியாது. இந்த அடிப்படை விஷயம் எனக்கே பணம் கட்டிய பிறகுதான் தெரியும். பதிவுப் படிவத்தில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

எண் வழங்கும் இடத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. உறைக்குள் இரண்டு துணி எண்கள், சைக்கிள் சட்டத்தில் மாட்ட ஒரு சின்ன எண், நேரம் பதிவாவதற்காக முன் ஃபோர்க்கில் கட்டிக்கொள்ள ஒரு சிப், எட்டு சேஃப்டி பின். எட்டு போதாது, ஒரு துணி எண்ணுக்கு ஆறு பின்னாவது வேண்டும், வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். நான் நிமிர்ந்து நின்றபடி கண்ணாடியைப் பார்த்து எண்ணைக் குத்திக்கொண்டிருந்தேன். மேசைக்குப் பின்னாலிருந்த பையன் எழுந்து வந்து, “அண்ணா, ஹேண்டில்பார் பிடிக்கிற மாதிரி குனிஞ்சு நில்லுங்க” என்றான். குனிந்தேன். நான் குத்தியிருந்த எண் நடுவில் பை மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. எல்லாவற்றையும் கழற்றி, ஜெர்சியின் கீழ்ப்பகுதியில் வலது பக்கமாக, தோலோடு ஒட்டினாற்போல் குத்திவிட்டான். முடிவுக்கோட்டில் கேமரா வலது பக்கம் இருக்கிறதாம். இடது பக்கம் குத்தியிருந்தால் படத்தில் எண்ணே தெரியாது. உப்பின எண் மூன்று மணி நேரம் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே வந்திருக்கும். அந்தப் பையனுக்கு முழு மதிப்பெண்.

சைக்கிள் சோதனையும் ஒழுங்காக நடந்தது. ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் அடைப்பு இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, தனியாக ஓடும் நேரப் பந்தயத்துக்கு வைக்கிற நீட்டுக் கம்பியை யாராவது மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்களா என்று பார்த்தார்கள். ஹெல்மெட் பட்டைக்கு அடியில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார் சோதனை செய்தவர். எனக்கு மூன்று விரல் போனது, இறுக்கச் சொன்னார். தொழில்முறைப் பந்தயங்களிலேயே ஹெல்மெட் கட்டாயமானது 2003-இல்தான். அந்த வருடம் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் ஆந்த்ரேய் கிவிலேவ் விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார், அதற்குப் பிறகுதான் விதி வந்தது. ஒரு விரல் தளர்ச்சிக்காக ஒருவர் என்னை நிறுத்தி வைத்ததில் எனக்கு எரிச்சல் வரவில்லை.

கிளம்புவதற்கு முன் விதிகளை அறிவித்தார்கள். 24 கிலோமீட்டர் சுற்று, நான்கு முறை. சாலை முழுவதும் மூடப்படவில்லை, நடுக்கோட்டைத் தாண்டினால் வெளியேற்றம். காலி பாட்டிலைப் பலகை வைத்த இடத்தில் மட்டும்தான் வீச வேண்டும். கடைசிச் சுற்றுக்குள் நுழையும்போது முன்னணிக் கூட்டத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தால் இறக்கிவிடுவார்கள். எல்லாம் தெளிவாக இருந்தது. ஒன்பதாவது கிலோமீட்டரில் இடது பக்கம் திரும்பும் வளைவில் ஜல்லி கொட்டிக் கிடப்பதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அதற்கு வருகிறேன்.

முதல் நான்கு கிலோமீட்டர் பந்தயக் கணக்கில் சேராது. நடுவர் காருக்குப் பின்னால் எல்லோரும் ஒன்றாக உருட்டிக்கொண்டு போக வேண்டும். அப்புறம் கார் கூரையிலிருந்து ஒரு கை வெளியே வந்தது, கொடி அசைந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் ஓட்டிக்கொண்டே பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தவர் பாதி வாக்கியத்தில் காணாமல் போனார்.

கூட்டத்துக்குள் ஓட்டுவது எப்படி இருக்கும் என்று எத்தனை படித்திருந்தாலும் உள்ளே போனால்தான் புரியும். மணிக்கு 39 கிலோமீட்டர். தனியாக ஓட்டினால் அந்த வேகத்தில் பத்து நிமிடத்தில் நாக்கு தள்ளிவிடும். கூட்டத்தின் நடுவில் பாதி நேரம் நான் மிதிக்கவே இல்லை. 2018-இல் பெர்ட் பிளாக்கன் என்ற ஆய்வாளரின் குழு 121 பேர் கொண்ட கூட்டத்தை எடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தது. கூட்டத்தின் ஆழத்தில் இருப்பவர் மீது மோதும் காற்றுத்தடை, அதே வேகத்தில் தனியாக ஓட்டுபவர் மீது மோதுவதில் 5 முதல் 10 சதவீதம்தான் என்று வந்தது. ‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்று சொன்னவர் சைக்கிள் ஓட்டியிருக்க மாட்டார், ஆனால் விஷயம் தெரிந்தவர்.

ஒலிதான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. முன்னால் யாரோ மிதிப்பதை நிறுத்துவார். அடுத்த நொடி அவருக்குப் பின்னால் இருப்பவர், அவருக்குப் பின்னால் இருப்பவர் என்று அத்தனை பின்சக்கரங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிர்ரென்று சுழலும். அந்தக் கிர்ர் முன்னாலிருந்து பின்னால் ஓடி வரும். அது நம்மிடம் வந்து சேருவதற்குள் நாமும் மிதிப்பதை நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் இருப்பவரின் சக்கரத்தில் போய் முட்டுவோம்.

படைக்குப் பிந்தலாம், ஆனால் வாலில் தொங்கக் கூடாது. நான் தொங்கினேன். வளைவு வரும்போது முதலில் இருப்பவர் லேசாக வேகம் குறைத்து வளைந்து போய்விடுவார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகப் பிரேக் பிடிப்பார்கள். கடைசி ஆளான நான் 18-க்கு வந்துவிடுவேன். நான் வளைந்து முடிப்பதற்குள் முன்னால் இருப்பவர் 40-ஐத் தாண்டியிருப்பார். எழுந்து நின்று மிதித்துப் பிடிக்க வேண்டும். ஒரு சுற்றில் இப்படி ஏழு வளைவுகள். முதல் சுற்று முடிந்தபோது, கூட்டத்தின் நடுவில் இருந்தவர்கள் சவாரி போய் வந்த மாதிரி இருந்தார்கள், நான் ஏழு முறை மாடிப்படி ஏறி ஓடியவன் மாதிரி இருந்தேன். இதில் நடத்தியவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. புதிதாக வருபவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்கிறேன்.

இனி அந்த வளைவு. வளைவு முடிந்த உடனே ஏற்றம், 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வளைவின் வெளிப்புறத்தில் மூன்றடி அகலத்துக்குப் பொடி ஜல்லி. முதல் சுற்றிலேயே ஒருவருக்குப் பின்சக்கரம் வழுக்கியது. மஞ்சள் கொடி பிடித்த தன்னார்வலர் ஒருவரை அங்கே நிறுத்தியிருந்தார்கள். அப்படியென்றால் ஜல்லி இருப்பது தெரியும் என்றுதானே அர்த்தம்? கொடி பிடிக்க ஒரு ஆளை அனுப்பியவர்கள் அவர் கையில் ஒரு விளக்குமாற்றையும் கொடுத்திருந்தால் காலையில் கால் மணி நேர வேலை. இரண்டாம் சுற்றில் எனக்கு முன்னால் இருந்தவர் சட்டென்று பிரேக் பிடித்தார். நான் வெளிப்பக்கம் ஒதுங்கினேன், ஜல்லியில் ஏறினேன், ஒரு காலைத் தரையில் ஊன்றித்தான் விழாமல் தப்பித்தேன். ஊன்றின வேகத்தில் செயின் கழன்றுவிட்டது.

செயினை மாட்ட எனக்கு இருபது விநாடி ஆகியிருக்கும். 39 கிலோமீட்டர் வேகத்தில் இருபது விநாடி என்பது இருநூறு மீட்டருக்கு மேல். கறுப்பு மசி அப்பிய விரல்களோடு ஏற்றத்தில் நிமிர்ந்து பார்த்தபோது கடைசி ஜெர்சி திரும்பி மறைந்துகொண்டிருந்தது. மேலே போய்ப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். கணக்கு அப்படி இல்லை. காற்றைத் தள்ளத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடியில் ஏறும். தனியாக 30-இல் போகிறவன் 39-ஐ எட்ட, காற்றுக்கு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவழிக்க வேண்டும். என்னிடம் அந்த இரண்டாவது மடங்கு கிடையாது.

ஏற்றத்தின் உச்சியில் இன்னும் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவன் பத்தொன்பது இருபது வயதுப் பையன். இன்னொருவர் ஐம்பத்தைந்து இருக்கும், பழைய ஸ்டீல் சட்ட சைக்கிள். மூன்று பேரும் மாறி மாறி முன்னால் இழுத்தோம். என் முறை வந்தபோது உற்சாகத்தில் எழுந்து நின்று வேகத்தைக் கூட்டினேன். பெரியவர் பின்னாலிருந்து, “தம்பி, நீங்க வந்ததும் வேகத்த ஏத்தாதீங்க. இருக்கறத அப்படியே வச்சுக்கிட்டு, முடிஞ்சதும் விலகுங்க” என்றார். பிறகு அப்படியே செய்தேன். மூன்று பேரும் பேசாமல் ஒருவர் பின்னால் ஒருவராகச் சுற்றியதில் வேகம் 32-க்கு ஏறியது. மொத்தப் பந்தயத்தில் நான் ரசித்து ஓட்டிய பகுதி அந்த அரை மணி நேரம்தான்.

மூன்றாம் சுற்றில் பையனுக்குத் தொடை தசை பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரத்தில் பெரியவருக்குப் பின் டயர் பங்க்ச்சர். இங்கே எனக்கு இரண்டாவது குறை. மாற்றுச் சக்கரம் கொண்டுவரும் வண்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் முன்னணிக் கூட்டத்தோடு போய்விட்டது. முன்னால் இருப்பவர்களுக்கு முன்னுரிமை என்பது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான். ஆனால் ‘மாற்றுச் சக்கர வசதி உண்டு’ என்று அறிவித்தால் அது எல்லோருக்கும் என்றுதான் ஒரு புதியவன் எடுத்துக்கொள்வான். பெரியவர் சட்டைப் பையில் டியூப் வைத்திருந்தார், காற்றடிக்கப் பம்ப் வைத்திருக்கவில்லை. நான் இரண்டையும் வண்டியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன், எடை குறையும் என்று. அரைக் கிலோகூட இருக்காது அது. “நின்னுடாதீங்க, போங்க போங்க” என்று கையைக் காட்டினார். போனேன். அப்போதிலிருந்து எனக்குப் பின்னால் ஒரே ஒரு வேன் மட்டும்தான்.

தனியாக ஓட்டினால் ஒரு வசதி, பார்க்க நேரம் கிடைக்கும். ஏழு வளைவில் ஐந்தில் ஆட்கள் அப்படியே நின்றிருந்தார்கள். இரண்டு இடத்தில் கை தட்டினார்கள், கூச்சமாக இருந்தது, ஆனால் நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. ஆறாவது வளைவில் இருந்தவர் கைப்பேசியில் மூழ்கியிருந்தார். வேனின் சத்தம் கேட்டு நிமிர்ந்து, நான் தாண்டிப் போன பிறகு கொடியைத் தூக்கினார். தண்ணீர் மேசையில் கவிழ்ந்த கப்புகள்தான் இருந்தன. அங்கிருந்த பெண் ஓடி வந்து, “அண்ணா, இது என்னோடது, பாதிதான் இருக்கு” என்று தன் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். அவருக்கு நன்றி. ஆனால் தன்னார்வலரின் சொந்தத் தண்ணீரில் ஒரு பந்தயம் ஓடக் கூடாது. 84 பேருக்கு நான்கு சுற்றுக்கு எவ்வளவு வேண்டும் என்பது பெருக்கல் கணக்கு. வெயில் ஏறிய பிறகு வருகிறவன்தான் அதிகம் குடிப்பான் என்பதையும் சேர்த்துப் பெருக்க வேண்டும்.

மூன்றாம் சுற்று முடித்துக் கோட்டைத் தாண்டும்போது நான் 17 நிமிடம் பின்தங்கியிருந்தேன். எல்லைக்கு இன்னும் மூன்று நிமிடம் மிச்சம். கடைசிச் சுற்றுக்கான மணியை முன்னணிக் கூட்டத்துக்கு அடித்தாகிவிட்டது. நான் வருவதைப் பார்த்து நடுவர்களில் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து போய் மணியை மறுபடி அடித்தார். எனக்கு மட்டும். கால் மணி நேரத்துக்கு முன் அறுபது பேருக்கு அடித்த அதே வேகத்தில் அடித்தார். இதற்காக ஒரு முழு நட்சத்திரம் கொடுப்பது அதிகம் என்று தோன்றினால் நீங்கள் ஒரு தடவை கடைசியாக ஓட்டிப் பாருங்கள்.

இனி அந்த வேன். கடைசி ஆளுக்குப் பின்னால் வண்டி அனுப்பும் வழக்கம் 1910-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் தொடங்கியது. பந்தயத்தை முதல் முறையாக பிரனீஸ் மலையில் ஏற்றிய வருடம் அது. முடியாதவர்களைக் கூட்டி அள்ளிக்கொண்டு வரும் வண்டி என்பதால் அதற்கு விளக்குமாற்று வண்டி என்றே பெயர். நிஜமாகவே ஒரு விளக்குமாற்றைக் கட்டிக்கொண்டு போவதும் உண்டு. எங்கள் வேனில் விளக்குமாறு இல்லை, கூரையில் சுழலும் மஞ்சள் விளக்கு மட்டும். இருந்திருந்தால் ஒன்பதாவது கிலோமீட்டரில் பயன்பட்டிருக்கும்.

ஓட்டியவர் அறுபதை ஒட்டிய வயதுக்காரர். அவர் ஓட்டிய விதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இப்படி வரும் வண்டி பின்சக்கரத்தை ஒட்டி உறுமிக்கொண்டே வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடன்காரன் வாசலில் நிற்கிற மாதிரி. இவர் நாற்பது மீட்டர் இடைவெளி விட்டு வந்தார். ஹாரன் அடிக்கவில்லை. ஏற்றத்தில் கியர் மாற்றும் சத்தத்தைத் தவிர அவர் இருப்பதே தெரியவில்லை. கடைசிச் சுற்றின் ஏற்றத்தில் நான் 11 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது மெதுவாகப் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கினார்.

“தம்பி, ஏறிக்கிறீங்களா, ஓட்டுறீங்களா?”

“ஓட்டுறேன்.”

“சரி. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.”

மறுபடி நாற்பது மீட்டருக்குப் போய்விட்டார். அதற்கு மேல் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. முன் இருக்கையில் அந்தப் பையன் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு கட்டை விரலைக் காட்டினான். பின்னால் பெரியவர் ஸ்டீல் சைக்கிளின் சட்டத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஏழாவது வளைவு ஒரு நாற்சந்தி. பொது வண்டிகள் குறுக்கே போகும் இடம். முந்தைய மூன்று சுற்றிலும் அங்கே இரண்டு பேர் நின்றார்கள். கடைசிச் சுற்றில் தூரத்திலிருந்தே பார்த்தேன், ஒருவரும் இல்லை. மைல்கல்லில் ஒரு கொடி மட்டும் சாத்தி வைத்திருந்தது. நான் பிரேக்கில் கை வைத்தேன். அப்போது வேன் என்னைத் தாண்டிப் போனது, அதுவரை ஒரு முறையும் தாண்டாத வேன். நேராக நாற்சந்தியின் நடுவில் போய்க் குறுக்காக நின்றது. ஓட்டுநர் இறங்கி, வந்துகொண்டிருந்த லாரிக்குக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, இன்னொரு கையால் என்னைப் போகச் சொன்னார். நான் வேகம் குறைக்காமல் வளைந்தேன். அந்த இரண்டு பேர் முன்னணிக் கூட்டம் கடைசி முறை தாண்டியதும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டார்களாம், பிறகு தெரிந்தது. அவர்கள் தவறு என்று நான் நினைக்கவில்லை. வேன் தாண்டும் வரை யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது என்று ஒரே ஒரு வரி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இந்த விமர்சனத்தில் நான் கோபத்தோடு எழுதும் பத்தி இது ஒன்றுதான். ஜல்லியில் விழுந்தால் முட்டிதான் உரியும், நாற்சந்தி அப்படி இல்லை.

கடைசி ஒரு கிலோமீட்டரைக் காட்டும் சிவப்புக் கொடி 1906-இலிருந்து டூர் டி பிரான்ஸில் உண்டு. இங்கே அதற்குக் காற்றடைத்த சிவப்பு வளைவு வைத்திருந்தார்கள். நான் வந்தபோது அதன் காற்றைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். சாலையில் பாதி அகலத்துக்குச் செத்த திமிங்கலம் மாதிரி படுத்துக் கிடந்தது, நான் அதைச் சுற்றிக்கொண்டு போனேன். கடைசியாக வருபவருக்கும் டூர் டி பிரான்ஸில் சிவப்பில்தான் பெயர். ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கும் சிவப்பு விளக்கை வைத்து ‘சிவப்பு விளக்கு’ என்பார்கள். 1903-இல் நடந்த முதல் டூரில் கடைசியாக வந்த ஆர்சேன் மில்லோஷோ, வென்ற மொரீஸ் கராங்கை விட 64 மணி நேரம் 57 நிமிடம் பின்னால் வந்தார். விம் வான்செவனான்ட் 2006, 2007, 2008 என்று மூன்று வருடம் தொடர்ந்து கடைசியாக வந்தார். வென்றவருக்கும் எனக்கும் இடையில் 31 நிமிடம். மில்லோஷோவுக்கு முன்னால் நான் கத்துக்குட்டி.

முடிவுக்கோடு அருமையாகப் போட்டிருந்தார்கள். விதிப்படி 72 சென்டிமீட்டர் வெள்ளைப் பட்டை, அதன் நடுவில் 4 சென்டிமீட்டர் கறுப்புக் கோடு. முன்னால் போனவர்கள் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். நான் 28 கிலோமீட்டர் வேகத்தில் தனியாக வந்ததால் நிதானமாகப் பார்த்தேன். சுத்தமான கோணம், ஓரம் பிசிறில்லை. ஆனால் அதன் மேல் இருக்க வேண்டிய, சிப்பைப் படித்து நேரம் பதியும் டைமிங் பாயை இரண்டு பேர் சுருட்டி ஓரத்தில் நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மடக்கு நாற்காலியில் நடுவர் இன்னும் உட்கார்ந்திருந்தார், மணி அடித்தவரேதான். என் இடுப்பின் வலது பக்கத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மடியிலிருந்த நோட்டில் பென்சிலால் எழுதினார். “அறுபத்தி ஒண்ணு” என்றார். அதற்குப் பிறகுதான் நாற்காலியை மடக்கினார்.

மாலையில் முடிவுப் பட்டியல் வந்தது. என் பெயருக்கு நேராக டி.என்.எஃப்., அதாவது முடிக்கவில்லை. பாய் சுருட்டப்பட்டுவிட்டதால் சிப்பில் மூன்று சுற்றுதான் பதிவாகியிருந்தது. எழுதிப் போட்டேன். மறுநாள் பதில் இல்லை, அதற்கு அடுத்த நாள் ஒரு வரியில் மன்னிப்பும் திருத்திய பட்டியலும் வந்தன: 61, 2 மணி 57 நிமிடம். நடுவரின் நோட்டில் இருந்ததை வைத்துத் திருத்தினார்களாம். சிப்புக்கென்று தனியாகக் கட்டணம் வாங்கினார்கள், பென்சிலுக்கு ஒன்றும் வாங்கவில்லை.

சரி, போகலாமா? போகலாம். பாதை நல்ல பாதை, சாலை பெரும்பாலும் வழவழப்பு, 28 மில்லிமீட்டர் டயரில் 70 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வைத்தேன், உதறலே இல்லை. நடுவர்கள் தொழில் தெரிந்தவர்கள். கூட்டத்தோடு ஒட்டி ஓட்டும் பழக்கம் இருப்பவர்களுக்கு நான் சொன்ன குறைகளில் பாதி கண்ணிலேயே படாது. என்னைப் போல முதல் முறை போகிறவர்கள் தண்ணீர் இரண்டு பாட்டில் கூடுதலாக, பம்ப் ஒன்று, சேஃப்டி பின் நான்கு என்று தங்கள் கையிலேயே கொண்டுபோங்கள். நாற்சந்தி விஷயத்தைச் சரிசெய்தோம் என்று அவர்கள் எழுத்தில் சொல்லும் வரை நான் மூன்றரை நட்சத்திரத்துக்கு மேல் தர மாட்டேன். அதிலும் அந்த அரை, வேன் ஓட்டுநருக்கு.

சிப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் பையனின் சைக்கிளை வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். என் விரலில் இருந்த மசியைப் பார்த்துவிட்டு, இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பழைய துணியை எடுத்துப் போட்டார்.

“அடுத்த வருஷம் வருவீங்களா தம்பி?”

“வருவேன்னு நினைக்கிறேன்.”

“வாங்க, வாங்க. அப்பத்தான் எனக்கும் வேலை இருக்கும்.”